ஒரு சாணுக்கும் குறைவான இடம்

ஸ்விஃப்ட், டிசையர் கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் கம்பெனிக் கணக்குப்படி 163 மில்லிமீட்டர் இடைவெளி. ஹோண்டா சிட்டிக்கு 165. ஒரு சாண் என்பது ஏறத்தாழ 230 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான தாழ்ந்த கார்களுக்கு அடியில் ஒரு சாண் இடம்கூட இல்லை. அதுவும் ஆள் ஏறாத வண்டிக்கான கணக்கு. குடும்பமே ஏறி, டிக்கியில் மூட்டையும் வைத்துவிட்டால் இன்னும் தாழும். டயர் பஞ்சரானால் நிலைமை வேறு. 165/80 ஆர்14 என்று எழுதியிருக்கும் டயரின் பக்கச்சுவர் உயரம் 132 மில்லிமீட்டர். காற்று போனதும் அந்தச் சுவர் மடங்கிப் படுத்துவிடுகிறது. வண்டியின் அந்த மூலையும் கூடவே இறங்கிவிடுகிறது. ஜாக்கி தேவைப்படும் நேரத்தில்தான் ஜாக்கி நுழைய இடமில்லாமல் போகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது அடிக்கடி நேர்வதற்கு நம் வாழ்க்கை முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அறந்தாங்கி, மணமேல்குடி, கறம்பக்குடி பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர் வாங்கிய கார், அவர் திரும்பி வரும்வரை வாசலிலோ மாமரத்தடியிலோ தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் ஏதாவது ஒரு டயர் கட்டாயம் இறங்கியிருக்கும். லீவில் வந்தவருக்கு மறுநாள் விராலிமலைக்கோ திருக்கோகர்ணத்துக்கோ போக வேண்டும். டிக்கியின் அடியில் உறைகூடப் பிரிக்காமல் ஒரு ஜாக்கி கிடக்கிறது. தரையோ மண்தரை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாளும் இதே கதைதான். வருஷத்துக்கு ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்று யாருக்காவது தோன்றிவிடும். வேகத்தடையில் உரசித் தொங்கும் சைலென்சரைக் கம்பியால் கட்டுவது, எலி கடித்த வயரைப் பார்ப்பது, ஆயில் மாற்றுவது என்று காருக்கு அடியில் போவதற்கான காரணங்கள் வீட்டில் தீர்வதே இல்லை.

ஜாக்கி நுழையாதபோது என்ன செய்கிறோம் என்று கவனித்துப் பார்க்கிறேன். மண்வெட்டியால் வண்டிக்கு அடியில் பள்ளம் பறித்து, பள்ளத்துக்குள் ஜாக்கியை வைக்கிறோம். அல்லது தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டு, "ஒரு கை பிடிங்கண்ணே" என்று பம்பரைத் தூக்கச் சொல்லி, தூக்கிய நொடியில் ஒரு கல்லை உள்ளே தள்ளுகிறோம். கூப்பிட்டதும் வந்து கை கொடுக்கிற மனிதர்கள் இருப்பது ஊரின் பெரிய சொத்து. அந்த நல்ல மனசை நம்பித்தான் விரலும் முதுகும் போகிற வேலையை அவர்களிடம் கேட்கிறோம். பள்ளம் பறிப்பது அதைவிடக் கெட்ட யோசனை. கிளறிய மண்ணில் ஜாக்கி நேராக நிற்காது. பள்ளத்தின் ஓரம் சரிந்தால் ஜாக்கியும் சரியும். இரண்டுமே இடத்தை உண்டாக்குகின்றன. உண்டான இடம் அப்படியே இருக்கும் என்பதற்கு இரண்டிலுமே உத்தரவாதம் இல்லை.

கீரனூர் பக்கம் லாரி ஷெட்டில் காலம் முழுக்க வேலை பார்த்த ஒரு பெரியவர், நான் கேட்காமலேயே சொன்னார்: "ஜாக்கி தூக்கத்தான் தம்பி. நிக்கிறதுக்கு வேற ஒண்ணு வேணும். தூக்குன சாமானே தாங்கவும் தாங்கும்னு நெனச்சுட்டு அடியில போயிடாதீங்க." பிறகு ஷெட்டின் மூலையில் கிடந்த கட்டைகளைக் காட்டினார். கறுத்து, ஆயில் ஊறி, ஓரம் மழுங்கிய கட்டைகள். அவர் ஷெட்டில் ஜாக்கிகள் பல மாறியிருக்கின்றன. அந்தக் கட்டைகள் மட்டும் மாறவில்லையாம்.

அவர் சொன்னதை யோசிக்க யோசிக்க, வீட்டில் கார் தூக்குவது பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாமே அதற்குள் இருப்பதாகத் தெரிகிறது. தூக்குவது ஒரு வேலை. தாங்குவது இன்னொரு வேலை. தூக்குகிற கருவிக்கு உள்ளே ஏதாவது அசைந்தாக வேண்டும். அசைந்தால்தான் தூக்க முடியும். தாங்குகிற பொருளுக்குள் எதுவுமே அசையக்கூடாது.

காரோடு வரும் கத்திரி ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு நீண்ட திருகாணி. கம்பியை மாட்டிச் சுற்றச் சுற்ற நாலு கைகளும் ஒன்றையொன்று நெருக்கி மேலே எழுகின்றன. திருகாணி மரையின் சரிவு மிகக் குறைவு. உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் கையை விட்டாலும் தானாகச் சுழன்று இறங்காது. ஆனால் அதன் அடிப்பாகம் உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும்போது கார் எதிர்ப்பக்கச் சக்கரங்களைப் பிடிமானமாக வைத்துச் சாய்கிறது. ஜாக்கி தொட்டிருக்கும் இடம் மேலே போவதோடு சற்றுப் பக்கவாட்டிலும் நகர்கிறது. செங்குத்தாக வைத்த ஜாக்கி, உயர உயரச் சாய்ந்துகொண்டே போகிறது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் போதும்.

ஹைட்ராலிக் ஜாக்கியின் குணம் இதற்கு நேர்மாறு. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பாஸ்கல் கண்டு சொன்னார். அதை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பட்டறையின் பெரிய தலைவலி, அழுத்தம் ஏற ஏற உந்துதண்டின் ஓரமாகக் கசிந்த தண்ணீர்தான். அங்கே வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி, அழுத்தம் கூடக் கூட இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிற தோல் வளையம் ஒன்றைச் செய்து அதைத் தீர்த்தார் என்பார்கள். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. தோலுக்குப் பதில் ரப்பர் வந்தது. இன்றைக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் பாட்டில் ஜாக்கிக்குள்ளும் காரின் பாரம் முழுவதும் அந்த வளையத்தின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்து காய்ந்த ரப்பரை எண்ணிப் பாருங்கள். சீல் தேய்ந்தாலோ வால்வில் ஒரு மணல் துகள் மாட்டினாலோ எண்ணெய் பின்வாங்கும். கார் சத்தமில்லாமல் இறங்கும். கத்திரி ஜாக்கி சாயும், எண்ணெய் ஜாக்கி தாழும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தூக்கியவுடன் பாரத்தை வேறொன்றின் மேல் இறக்கி வைத்துவிடுவது.

இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதிதில்லை. சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள வெளிகளில் பெருங்கற்காலத்தவர் வைத்த கல்வட்டங்களும் கல்லறைகளும் இருக்கின்றன. நிறுத்திய பலகைக் கற்கள் மேல் மூடுகல்லைக் கிடத்தியவர்கள் அவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து போனதாகக் கருதப்படுகிறது. இன்றும் கல்குவாரியிலோ வேலிக்கால் கல் நடுகிற இடத்திலோ நின்று பார்த்தால் தெரியும். கடப்பாரையை நுழைத்து ஒருவர் நெம்புவார். கல் இரண்டு விரல் எழும்பியதும் இன்னொருவர் சிறு கல்லைச் செருகுவார். கடப்பாரையை எடுத்து இடம் மாற்றி மறுபடி நெம்புவார்கள். நெம்புகிறவர் கையிலேயே கல்லை வைத்துக்கொண்டு யாரும் அடியில் கை நீட்டுவதில்லை. சாலை உயர்ந்து உயர்ந்து பள்ளத்தில் தங்கிவிட்ட வீடுகளை இப்போது நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகள் வைத்துத் தூக்குகிறார்கள்; அங்கேயும் தூக்கத் தூக்கக் கட்டையும் செங்கல் வரிசையும் கூடவே ஏறுகின்றன. இறுதியில் ஜாக்கிகள் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. வீடு சுவரில் நிற்கிறது.

தேரோடும் வீதிகளில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். முட்டுக்கட்டை போட எல்லோராலும் முடியாது. உருளும் சக்கரத்துக்கு எந்த நொடியில், எந்தச் சாய்வில் கட்டை கொடுத்தால் தேர் திரும்பும், எப்போது நிற்கும் என்பது பரம்பரையாகக் கைமாறும் தேர்ச்சி. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் அந்த மனிதர்கள் கட்டையோடு சக்கரத்தின் பக்கத்தில்தான் நடக்கிறார்கள். 2022 ஜூலை 31ஆம் தேதி நம் திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் ஆடிப்பூரத் தேர் கவிழ்ந்து பலர் காயப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. பாரம் உயரத்தில் இருக்கும்போது அதன் கீழும் பக்கத்திலும் நிற்கிறவர்களின் உயிர் எவ்வளவு மெல்லியது என்பதை அன்று பார்த்தோம். வாசலில் தூக்கி நிறுத்திய காரும் உயரத்தில் வைத்த பாரம்தான். நமக்கு அப்படித் தோன்றுவதில்லை, ஏனென்றால் அது உயர்ந்திருப்பது சில அங்குலம்.

தரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் வீட்டு வாசலில் கிராவல் மண் கொட்டி இறுக்குவது வழக்கம். பங்குனி, சித்திரையில் அது சிமெண்ட் தரைக்கு நிகராகக் கெட்டிப்படும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்துவிட்டால் அதே மண்ணில் செருப்புத் தடம் பதியும். மேலே காய்ந்து, அடியில் ஈரம் இருக்கிற நாட்கள்தான் அதிகம் ஏமாற்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரின் முன்பக்கம் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் சுமார் 300லிருந்து 400 கிலோ வரை விழும். கத்திரி ஜாக்கியின் அடித்தகடு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 3, 4 கிலோவைத் தாங்க வேண்டும். ஈர மண்ணுக்கு அது முடியாது. அதே ஜாக்கியை 40க்கு 40 சென்டிமீட்டர் கனத்த பலகையின் நடுவில் வைத்தால் பாரம் 1,600 சதுர சென்டிமீட்டருக்குப் பரவுகிறது. சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. பலகை வளையாத அளவு தடிமனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பலகைத் துண்டு செய்யும் இந்த வேலையை எந்த விலையுயர்ந்த ஜாக்கியாலும் செய்ய முடியாது. சரிவான இடத்தில் மட்டும் பலகையாலும் பயனில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறும் சரிவில் கார் நிற்கிறதென்றால், காற்றுப் போன டயரோடேயே மெல்ல உருட்டிச் சமதளத்துக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. டயர் பாழானாலும் பரவாயில்லை.

அடுத்தது உருளாமல் நிறுத்துவது. கை பிரேக் போட்டுவிட்டேன், கியரில் நிறுத்திவிட்டேன் என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் கை பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால் கை பிரேக் காற்றில் தொங்கும் சக்கரங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கியரும் அப்படித்தான். இன்றைய சிறிய கார்களில் இன்ஜின் முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கியதும், அது காற்றில் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் மற்றது எதிர்ப்பக்கம் உருளலாம். இன்ஜின் அசையாமலேயே கார் நகர்ந்துவிடும். அதனால்தான் லாரிக்காரர்கள் கியரைப் பற்றிக் கேட்பதே இல்லை. "கட்டை போட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு, முக்கியமாகத் தூக்கும் மூலைக்கு எதிர்மூலையில், முன்னும் பின்னும் முக்கோணக் கட்டை வைத்து அடித்து இறுக்க வேண்டும். கையில் கிடைத்த உருண்டைக் கல் போதாது, சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். வீல் நட்டுகளையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அந்த மிதி ஒவ்வொன்றும் ஜாக்கியைப் பக்கவாட்டில் தள்ளுகிற மிதி.

இனி அந்த இடமில்லாத இடத்துக்கு வருவோம். பள்ளம் பறிக்காமல், ஆள் கூப்பிடாமல், ஜாக்கி நுழைய வழி ஒன்று இருக்கிறது. காரைத் தானாகவே சில அங்குலம் ஏறச் செய்வது. அதற்கு வேண்டியது மரப்பலகை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து போனபின் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்தில் விழுந்து கிடந்த பலா மரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி போகாது. பாட்டன் வைத்த மரங்கள், ஒரு ராத்திரியில் வேரோடு. அறுத்துப் பலகையாக்கி விற்றது போகக் கொல்லையில் அடுக்கி வைத்த துண்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. பலாக்கட்டை உறுதியானது. ஓர் அங்குலக் கனத்தில், டயரை விட அகலமாக மூன்று பலகைகள். அடிப்பலகை மூன்றடி நீளம், நடுவில் உள்ளது இரண்டரை அடி, மேலே உள்ளது இரண்டடி. ஒரு முனையைச் சமமாக வைத்து, மறுமுனை படிப்படியாக இறங்கும்படி அடுக்கித் திருகாணி போட்டுவிட வேண்டும். சமமான முனையில் குறுக்கே ஒரு கட்டை அடித்துவிட்டால் சக்கரம் தாண்டிப்போகாது. இப்படி ஒரு ஜோடி. இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாக ஓட்டினால் காரின் முன்பக்கம் மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். படிக்குப் படி ஓர் அங்குலம்தான் என்பதால் பம்பரும் இடிக்காது. டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் மட்டும் கவனம் தேவை; சக்கரம் ஏறும்போது பலகை முன்னால் வழுக்கி ஓடும், அடியில் பழைய ரப்பர் மேட்டை விரிக்க வேண்டும்.

டயர் காற்றுப் போய்க் கிடக்கும்போதும் இதே உபாயம்தான், ஒரே ஒரு பலகையில். காற்றில்லாத சக்கரத்தை ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் பலகை மேல் ஏற்றிவிட்டால் கத்திரி ஜாக்கி உள்ளே போய்விடும். காரைத் தள்ளத் தேவையில்லை, இன்ஜினே ஏற்றட்டும்.

அடிக்கடி வேலை செய்பவர்கள் டிராலி ஜாக்கி வாங்குகிறார்கள். சாதாரண இரண்டு டன் டிராலி ஜாக்கியின் தலை, இறக்கி வைத்த நிலையில் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் உயரம். தாழ்ந்த கார்களுக்கென்றே வருகிறவை 80 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே படுக்கும். வாங்கும்போது எத்தனை டன் என்று கேட்கிற நாம், எவ்வளவு தாழும் என்று கேட்பதில்லை. வாசல் காருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். இந்த ஜாக்கியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதன் கை நேராக மேலே போவதில்லை, வில்வடிவத்தில் எழுகிறது. ஏற ஏறத் தலை பின்னோக்கி நகரும். அதனால் ஜாக்கி தன் சக்கரங்களில் உருண்டு காருக்கு அடியில் நகர்ந்தாக வேண்டும். அந்தச் சக்கரங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. மண்ணில் வைத்தால் அவை புதைந்து உருளாமல் நின்றுவிடும். ஜாக்கி நகராவிட்டால் தலை நகரும். காரின் விளிம்பிலிருந்து நழுவும். மண்தரையில் டிராலி ஜாக்கி வைக்க வேண்டுமானால் ஜாக்கி முழுவதும் உருள இடம் கொடுக்கிற நீளத்தில் கனத்த பிளைவுட்டோ இரும்புத் தகடோ விரித்தாக வேண்டும்.

எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு காரின் கையேடும் படம் போட்டுக் காட்டுகிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னும், இரண்டு சிறு வெட்டுகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில் உள்ள இடம் மட்டுமே பாரம் தாங்கக் கட்டப்பட்டது. இன்ஜினின் ஆயில் சம்ப், தரைத் தகடு இவற்றில் வைத்தால் உள்ளே அமுங்கிவிடும். பழைய காராக இருந்தால் அந்த விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றில் நின்ற வண்டிகளில் பெயிண்டுக்கு அடியில் துரு தின்று வெறும் தோலாக நிற்கும் இடங்கள் உண்டு.

தூக்கியாகிவிட்டது. இப்போது ஸ்டாண்ட். கடையில் ஜாக்கி கேட்டால் நாலைந்து வகை எடுத்து வைக்கிறார்கள்; ஸ்டாண்ட் கேட்டால் "அது ஒர்க்‌ஷாப்புக்குல்ல வாங்குவாங்க" என்கிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். ஜாக்கி விற்கும் ஒவ்வொரு கடையும் ஒரு ஜோடி ஸ்டாண்டைச் சேர்த்து விற்க வேண்டும், விலை ஏறினாலும். மூன்று அல்லது நாலு காலுள்ள இரும்புத் தாங்கி, நடுவில் ஏற்றி இறக்கும் தண்டு, அதைப் பூட்ட ஒரு ஊசியோ பற்களோ. இதற்குள் எண்ணெய் இல்லை, சீல் இல்லை. கார் ஏறியதும் ஸ்டாண்டை அந்த உறுதியான இடத்துக்கு அடியில் வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரத்தை ஸ்டாண்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதன் கால்களுக்கும் கீழே பலகை வேண்டும், கோண இரும்பின் விளிம்பு மண்ணைக் கத்தியாக வெட்டும். உட்கார்ந்தபின் வெளியே நின்றபடியே காரைப் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதென்றால் ஆள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். நம் பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கேட்டும் தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்டும் அவர்கள் செய்து கொடுத்து எத்தனையோ வருஷம் நிற்கின்றன. ஆனால் மனிதர் அடியில் படுக்கும் ஸ்டாண்டின் வெல்டிங்கைக் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. பெரிய கம்பெனிக்கே அது தவறியிருக்கிறது. 2020இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தான் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பாரம் அசைந்தால் பல் சரியாகப் பிடிக்காமல் தண்டு இறங்கிவிடக்கூடும் என்பது குற்றம். அதற்கு மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றையும் வெல்டிங் கோளாறால் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. எனவே ஸ்டாண்டுக்கும் ஒரு துணை தேவை. கழற்றிய சக்கரத்தையோ உதிரி டயரையோ கதவு விளிம்புக்கு அடியில் படுக்கையாகத் தள்ளி வைத்துவிடலாம். ஜாக்கியையும் எடுத்துவிடாமல், பாரம் இல்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும்படி விடலாம். ஒன்று போனால் ஒன்று. 2020இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபின் டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு உதிரி டயர் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கென்றே டயர் கடையில் ஒரு பழைய சக்கரத்தைக் கேட்டு வாங்கி வைக்கலாம்.

ஸ்டாண்டுக்குப் பதில் என்ன வைக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டுமானம் நடக்காத தெரு இல்லை என்பதால் ஹாலோ பிளாக் எல்லா வீட்டு மூலையிலும் இருக்கிறது. சுவரில் அது தாங்குகிறதே என்று தோன்றும். சுவரில் பாரம் கல்லின் முழு முகத்திலும் சிமெண்ட் கலவை வழியாகப் பரவுகிறது. கார் விளிம்பு ஒரே கோட்டில் அழுத்துகிறது. உள்ளே வெற்றறை உள்ள கல் முன்னறிவிப்பே தராமல் நொறுங்கும். இரும்பு வளையும், மரம் நெரிந்து முனகும். சிமெண்ட் கல் எதுவும் சொல்லாது. இந்த மாவட்டத்துப் பழைய சுவர்களில் இருக்கும் செம்பூரான் கல்லும் அப்படித்தான். துளை துளையாக இருப்பது, ஈரம் குடித்தால் உதிர்வது. கருங்கல் உடையாது. ஆனால் அதன் முகம் சமமில்லை. இரும்பு அதன் மேல் வழுக்கும். செங்கல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"அடியில படுக்காதய்யா" என்று வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். நாம் அதை வீண் பயம் என்று தள்ளிவிடுகிறோம். அந்தப் பயத்தில் முழு நியாயம் இருக்கிறது. தன் மேல் கார் விழுந்தவர் பெரும்பாலும் ரத்தம் போய்ச் சாவதில்லை. நெஞ்சு அமுங்கி, விலா விரிய இடமில்லாமல், மூச்சு நின்று போகிறார். சில நிமிஷங்கள்தான். 2008இலிருந்து 108 ஆம்புலன்ஸ் நமக்கு இருக்கிறது. 2017இலிருந்து புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுமே பெரிய பேறு. ஆனால் கந்தர்வகோட்டைக்கு உள்ளே ஒரு சிற்றூருக்கோ ஆவுடையார்கோவில் கண்மாய்க்கரைத் தெருவுக்கோ எந்த வண்டி வந்தாலும் அந்தச் சில நிமிஷங்களுக்குள் வந்து சேர முடியாது. காப்பாற்றுகிற ஆள் வீட்டிலேயே இருந்தாக வேண்டும்.

எனவே தனியாக இருக்கும்போது யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். விழுந்த காரின் அடியிலிருந்து ஆளைக் காலைப் பிடித்து இழுக்க முயல்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், அது ஆகாது. முதல் வேலை பாரத்தை மறுபடி எழுப்புவது. காருக்கு அடியில் மாட்டிய ஜாக்கி அப்போது உதவாது. எனவே இன்னொரு ஜாக்கி, அதன் ராடு மாட்டியபடி, எட்டிய தூரத்தில் வெளியே இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். 108க்குப் போன் செய்யும் ஆளும் ஜாக்கி அடிக்கும் ஆளும் வெவ்வேறாக இருந்தால் நல்லது. அந்த ஜாக்கி அடிக்கிறவர் மனைவியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், பத்தாவது படிக்கும் மகளாகவும் இருக்கலாம். அது ஹைட்ராலிக் ஜாக்கி என்றால், வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவர்கள் கையாலேயே, கார் தரையில் நிற்கும்போதே, திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும்: வலப்பக்கம் முழுக்கத் திருகினால் பூட்டும், பிறகு ராடை அடித்தால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கிவிடும்.